கோமதிநாயகம் வீடு வந்து சேர்ந்த விதம்

கோமதிநாயகம் கத்தாரில் இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டினார். ஐம்பத்தேழு வயதில், இனி போதும் என்று ஊர் திரும்பினார். திரும்பி மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில் ஆற்றங்கரை மடத்துக்கு வந்தார்.

மடத்தைப் பார்த்துக்கொண்டவர் உலகம்மை. கோமதிநாயகத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் லீவில் வரும்போதெல்லாம் அவர் அந்த அம்மா முன்னால்தான் வந்து உட்காருவார். மனதில் கிடப்பதை அங்கேதான் கேட்பார். குருவாக ஏற்றுப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றார் உலகம்மை. மதியச் சமையலுக்கு அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கோமதிநாயகம் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"அங்க இருந்தப்போ தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போன் போடுவேன்மா. ஒரு மணி நேரம் பேசுவோம். வடிவு அன்னிக்கு நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுவா. மக சுபாஷினி காலேஜ் கதை சொல்லிச் சிரிப்பா. இப்போ ஒரே வீட்ல இருக்கோம். 'சாப்பிடுதியளா', 'காப்பி போடட்டா', அவ்வளவுதான் பேச்சு. நான் உள்ள வந்தா ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திருதாங்க. அடுத்த ரூம்ல இருக்கிறவளுக்குப் போன் போட்டுப் பாக்கலாமான்னு நேத்து தோணுச்சு."



உலகம்மை ஒரு கொத்துக் கீரையை உதறி எடுத்தார்.

"கத்தார் போன முதல் மாசம் எப்படி இருந்துச்சு?"

"அதையா கேக்கிய?"

"ஆமா, சொல்லுங்க."

"ஒரு ரூம்ல எட்டுப் பேர். நான் எட்டாவது ஆளு. மத்தவங்க எல்லாம் வருஷக்கணக்கா இருக்கிறவங்க. நாலு நாள் பெட்டியைக் கட்டில்லயே கால்மாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தேன்."

"கீழ வைக்க இடம் இல்லையா?"

"இருந்துச்சு. அது யார் இடம்னு எனக்குத் தெரியாதே. யாரு எப்போ குளிக்காங்க, யாருக்கு லைட் எரிஞ்சா தூக்கம் வராது, எந்த டம்ளர் யாருதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பாஷையும் தெரியாது. ஒரு மாசம் போச்சு. ஒரு நாள் ஒரு நேபாளி, ஆணியில மாட்டியிருந்த அவன் சட்டையை எடுத்துட்டு, அந்த ஆணியை எனக்குக் காட்டுனான். இனிமே அது உனக்குங்கிற மாதிரி. பேருகூட மறந்துபோச்சு. முகம் மறக்கல."

"இப்போ ஊருக்கு, உங்க வீட்டுக்கு வந்தியளே, முதல் நாள் என்ன செஞ்சிய?"

கோமதிநாயகம் யோசித்தார்.

"கிரைண்டர் கால்ல தட்டுற மாதிரி வழியில கிடந்துச்சு. பின்பக்கம் தூக்கி வச்சேன்."

"மறுநாள்?"

"டி.வி.யை இடம் மாத்துனேன். துணி காயப்போடுற கொடி சரியா இல்ல. அவுத்து வேற பக்கம் கட்டுனேன். வடிவு முன்ரூம்லதான் பீடி சுத்துவா. சுளகு, இலை, தூளுன்னு எல்லாம் இறைஞ்சு கெடந்துச்சு. உள்ள கொண்டுபோகச் சொன்னேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

உலகம்மை கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. கீரை முழுவதும் தீரும்வரை கோமதிநாயகம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுந்து போனார்.

வீட்டில் அவர் எதையும் தொடவில்லை. பார்க்க ஆரம்பித்தார்.

வடிவு விடிவதற்கு முன்பே எழுந்துவிடுகிறாள், ஒரு வேலை முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறாள் என்பதைப் பார்த்தார். மகள் அடுப்படியில் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள். அப்போதுதான் அம்மாவிடம் கதை சொல்கிறாள். பக்கத்து வீட்டு மாரிச்செல்வி மடியில் வைக்கும் தன் சுளகு முறத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் இங்கே வந்துதான் பீடி சுற்றுவாளாம். அவர் வந்த நாளிலிருந்து அவள் வருவதில்லை. முன்ரூமில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் நாற்காலியைப் பின்வாசலுக்குக் கொண்டுபோனார். சுளகை முன்ரூமுக்கே எடுத்து வரச் சொன்னார். வடிவு அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்து வந்தாள். நான்கு நாள் கழித்து மாரிச்செல்வி வந்தாள். அன்று மத்தியானம் முன்ரூமிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்வாசலில் இருந்தபடி அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் இப்படிப் போயிற்று.

ஒரு நாள் காலை வடிவு சுற்றிய பீடியைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். மூலையில் ஈரச் சாக்குக்குள் இலைக் கட்டு இருப்பதைக் கோமதிநாயகம் பார்த்தார். அழுகிவிடும் என்று தோன்றியது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் பரப்பினார். உதவி செய்துவிட்ட நிறைவோடு இறங்கி வந்தார்.

வடிவு திரும்பி வந்து தேடினாள். மாடிக்கு ஏறிப் போனாள். அவரும் பின்னால் போனார். ஓர் இலையை எடுத்தாள். அது கையிலேயே நொறுங்கியது.

"யாரு இதை வெயில்ல போட்டது?"

"நான்தான். ஈரமா இருந்துச்சு..."

"ஈரமாத்தான் இருக்கணும். வெட்டுறதுக்கு நான் நனைச்சு வச்சது. இருபது வருஷமா பொண்டாட்டி பீடி சுத்துதா. இலையை நனைச்சுத்தான் வெட்டணும்னு உமக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

அவள் விடவில்லை.

"உமக்கு என்னதான் தெரியும்? சுபாஷினி டைபாய்டுல கிடந்தப்போ பத்து நாள் ஆஸ்பத்திரித் தரையில படுத்தேன். அது தெரியுமா? அன்னிக்கும் போன்ல நல்லா இருக்கோம்னுதான் சொன்னேன். ஓட்டு வீட்ல இருந்தப்போ ஆடிக் காத்துல ஓடு பறந்துச்சே, நானும் பிள்ளையும் கட்டிலுக்கு அடியில கிடந்தோமே, அது தெரியுமா? அன்னிக்கும் நல்லா இருக்கோம்னுதான் சொன்னேன். அங்க ஒத்தையில கிடக்கிற மனுஷன்கிட்ட வேற என்னத்தைச் சொல்ல?"

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். சுபாஷினி ஓடி வந்து அம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள். கோமதிநாயகம் வடிவுக்கு இரண்டு படி கீழே போய் உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் மடத்துக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"நேத்து வடிவு என்னை ஏசிட்டா, அம்மா. மக முன்னால. பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை என்னை எதுத்துச் சொன்னதில்ல. லீவுல வந்தா, நான் என்ன செஞ்சாலும் சரிம்பா. நீங்க அன்னிக்குக் கேட்டதை மனசுல வச்சுத்தான் இத்தனை நாளும் இருந்தேன். எங்கயோ தப்பாப்போச்சு. இனிமே அவ மனசு என்கிட்ட ஒட்டாதோன்னு பயமா இருக்கு."

உலகம்மை அவரைப் பார்த்தார்.

"ஏசி முடிச்சிட்டு என்ன செஞ்சாங்க?"

"அழுதா."

"பெறகு?"

"சோறு போட்டா. தட்டை டொக்குன்னு வச்சா. 'குழம்பு வேணும்னா அடுப்புல இருக்கு, எந்திரிச்சுப் போயி ஊத்திக்கிடும்'னு சொல்லிட்டா."

"போனியளா?"

"போனேன். அவளுக்கும் கொஞ்சம் ஊத்திக்கிட்டு வந்தேன்."

உலகம்மை மெல்லச் சிரித்தார்.

"விருந்தாளியை யாராவது ஏசுவாங்களா, அண்ணாச்சி?"