முப்பத்தேழு குறிப்புகள்

பாளையங்கோட்டையில் கணினி வகுப்பு நடத்திய நஸ்ரினுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் மாணவராகச் சேர்ந்த செல்லையாவுக்கு அறுபத்தொன்பது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர். சாட்சி சொன்ன ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிட்டதில்லை. இப்போது கை நடுக்கம். பேனா பிடிக்க முடியாது.

ஒருநாள் அவர் கேட்டார்.

"டீச்சர், குறிப்பு எழுதுற சாஃப்ட்வேரைத் தேடித் திறக்கவே அரை நிமிஷம் ஆகுது. அதுக்குள்ள வார்த்தை போயிடுது."

"எந்த வார்த்தை சார்?"

"என் வீட்டுக்காரி ரூபவதி சொல்ற வார்த்தை. பக்கவாதம் வந்ததுல இருந்து அவளுக்குப் பேச்சு இல்ல. ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு வார்த்தை வரும். சில நாள் அதுவும் கிடையாது. நாற்பது வருஷம் ஓயாம பேசினவ டீச்சர். இனிமே ஒண்ணையும் விடக்கூடாது."

நஸ்ரின் அவருடைய லேப்டாப்பை வாங்கினாள். திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், அந்த சாஃப்ட்வேரின் ஐகான் எப்போதும் நிற்கும்படி வைத்தாள்.

"இதை ஒரு தட்டு தட்டுங்க. வெள்ளைத் தாள் வந்து நிக்கும்."

தட்டினார். வந்தது. குழந்தைபோலத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து வந்தபோது முகம் வாடியிருந்தது.

"ஒண்ணையும் விடல டீச்சர். முப்பத்தேழு இருக்கு. தினமும் எடுத்து வாசிக்கிறேன். ஆனா அவ பேசிக் கேட்கணும்ங்கிற ஏக்கம் முன்னைவிட அதிகமாத்தான் இருக்கு. நாலு நாளா அவ வாயே திறக்கல. ஏன் டீச்சர்?"

நஸ்ரின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். குறிப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"தண்ணி."

"கொடுத்தேன்."

"மழையா?"

"ஆமா, அன்னைக்கு நல்ல மழை."

"அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எழுதிட்டு இருந்தேன்."

நஸ்ரின் கடைசிக் குறிப்புக்கு வந்தாள்.

"'சாப்பிட்டீங்களா?' அடுத்த வரியிலயும் அதே வார்த்தை இருக்கு சார்."

"ரெண்டு தடவை சொன்னா. ரெண்டையும் எழுதினேன்."

"இது என்னைக்கு?"

"அஞ்சு நாளாச்சு. அதுக்கப்புறம்தான் பேசல."

நஸ்ரின் லேப்டாப்பை மூடித் தன் மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போங்க சார். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது."