நாலுக்கு மேல் எண்ணியவர்

தூத்துக்குடியில் ஏசுவடியான் என்று ஒரு பேஸ் கிட்டார்காரர் இருந்தார். கல்யாண வீட்டு மேடைகளில் முப்பத்து நான்கு வருஷம் பின்வரிசையில் நின்று வாசித்தவர். பாடுகிறவனை எல்லோருக்கும் தெரியும். டிரம்ஸ்காரனைக்கூடத் தெரியும். பேஸ்காரனுக்குப் பந்தியில் இலை போட மறந்துவிடுவார்கள். இவருக்குப் பல தடவை மறந்திருக்கிறார்கள். எந்தெந்த ஊரில் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வார்.

கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அறுபத்து மூன்று வயதில் பார்வை மங்கி, அடுப்பைப் பற்றவைக்கப் பயம் வந்தது. முதியோர் இல்லத்தில் இடம் கேட்டார். ஒரு கட்டில், ஒரு அலமாரி தருவதாகச் சொன்னார்கள்.

"கிட்டார் ஒண்ணு மட்டும் கொண்டாங்க. ஸ்பீக்கர் பெட்டி வேண்டாம். பக்கத்துக் கட்டில்காரருக்கு நெஞ்சுவலி" என்றார் அங்கிருந்த சிஸ்டர்.

அவரிடம் மூன்று இருந்தன. மறுநாள் காலையில் போக வேண்டும். மூன்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஜெபக்கனி டீச்சர் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஏசுவடியான், நாற்பத்தெட்டாம் வயதில் அவரிடம் வந்து இசை நோட்டு படிக்கக் கற்றுக்கொண்டார். 'வாசிக்கிற இடத்தை எவனும் எண்ணிருவான். சும்மா நிக்கிற இடத்தை எண்ணுங்க' என்பதுதான் முதல் பாடம்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, கடையே வந்திருக்கு?"

"ஒண்ணுதான் கொண்டுபோகலாமாம் டீச்சர். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"வாசிங்க, கேப்போம்."

"பெட்டி இல்லாம சத்தம் கேக்காதே."

"அங்கயும் பெட்டி இல்லையே."

கரண்ட் இல்லாத பேஸ் கிட்டார் ஊமை மாதிரி. வாசிக்கிறவன் தாடையை மரத்தில் பதித்துக்கொண்டால் அவனுக்கு மட்டும் எலும்பு வழியாகக் கேட்கும். ஏசுவடியான் முதலில் கறுப்பு கிட்டாரை எடுத்துத் தாடையைப் பதித்து வாசித்தார். டீச்சர் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப வாங்கினது?"

"குழு நடத்தின சாலமோன் ஒருநாள் எல்லார் முன்னாலயும் சொன்னான். 'நீ வாசிக்கிறதுக்கு ரெண்டு தந்தி போதும்லே, மிச்சத்தைக் கழத்தித் துணி காயப் போடு'ன்னான். மறுவாரமே இதை வாங்கினேன். வழக்கமா நாலுதான், இதுல அஞ்சு தந்தி."

டீச்சர் சிரித்துவிட்டார். ஏசுவடியான் சிரிக்கவில்லை.

இரண்டாவதையும் அப்படியே வாசித்தார். அதன் கழுத்தில் பித்தளைப் பட்டை போட்டு இறுக்கியிருந்தது.

"இது எங்க அண்ணன் பொன்னையா கிணத்துல எறிஞ்சது. 'கூத்தாடிப் பயலுக்கு வீட்டுல இடமில்லை'ன்னான். நானே இறங்கி எடுத்தேன். அவனுக்கு மண்ணு போடக்கூட நான் போகல."

மூன்றாவது தேன் நிறம். அதில் வெகுநேரம் வாசித்தார்.

"இது?"

"கீபோர்டு பக்கீர் கொழும்புல இருந்து எனக்காகக் கொண்டாந்தது. கப்பல்ல மடியை விட்டு இறக்காம கொண்டாந்தான்."

"அதுல என்ன கோவம்?"

"ஆறுமுகநேரியில ஒரு கல்யாணம். என் வயர் கழண்டு போச்சு. மூணு பாட்டு சத்தமே இல்லாம வாசிச்சிருக்கேன், ஒருத்தனும் கவனிக்கல. பக்கீர்தான் பாத்தான். மைக்ல சொன்னான் டீச்சர். 'பேஸைக் காணோம், யாராவது பாத்தீங்களா'ன்னு. பந்தலே சிரிச்சுது. பதினோரு வருஷமாச்சு. அவன் முகத்துல முழிக்கல."



"வாசிக்கும்போது உங்க உதடு அசையுதே அண்ணாச்சி."

"எண்ணுறேன். நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

"நாலுக்கு மேல போகுதே."

ஏசுவடியான் கைவிரலால் தந்தியை அமுக்கிப் பிடித்தார்.

"கறுப்புல நாலு தாண்டி ஏதோ சொன்னீங்க. பட்டை போட்டதுல வேற சொன்னீங்க. இதுல ரொம்ப நேரம் சொன்னீங்க."

"தனியா இருக்கிற மனுசன் டீச்சர். உதடு அசையத்தான் செய்யும்."

"தப்புன்னு சொல்லல. என்ன சொன்னீங்க?"

"அன்னைக்குச் சொல்லாம விட்டதை."

"பக்கீர் அண்ணாச்சிக்கிட்ட?"

"'கவனிச்சவன் நீ ஒருத்தன்தானலே, நீயும் சிரிக்கலாமா'ன்னு."

வெளியே மீன்கார அம்மாள் கூவிக்கொண்டு போனாள்.

"எது நல்லா இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"தேன் கலருதான். மூணுல அதுலதான் மரம் பேசும். அதையே கொண்டுபோறேன். ராவும் பகலும் அந்தக் கட்டில்ல நானும் அதுவும்தானே."

"சாலமோன் இப்ப எங்க?"

"கல்லறைத் தோட்டத்துல."

"உங்க அண்ணன்?"

"அதே தோட்டம்தான். நாலு வரிசை தள்ளி."

"பக்கீர்?"

ஏசுவடியான் கிட்டாரை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

"இருக்கான். பழைய துறைமுகத்துக்கு எதிர்ல கயித்துக் கடை. இங்க இருந்து நடந்தா பத்து நிமிஷம்."

டீச்சர் எழுந்து, சிக்கிய ஜிப்பைப் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்தார். ஆனால் மூடவில்லை.

"செத்தவங்ககிட்டப் பேசத்தான் அண்ணாச்சி மரமும் தந்தியும் வேணும். பக்கீர்கிட்டப் பேச, செருப்பை மாட்டினாப் போதும்."