மெட்டில்டா வீட்டு டிரிம் மோட்டார்

தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் கரையில் பாதிப்பேர் அவசரப்பட்டுத் தப்பாகத்தான் சொன்னார்கள்.

மெட்டில்டாவின் ஒரே மகன் செல்டன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். படகை விற்றாயிற்று. அவனுடைய பழைய எஞ்சின் மட்டும் கொல்லையில் ஸ்டாண்டில் மாட்டியபடி நின்றது. மெட்டில்டா அழவில்லை, யாரோடும் பேசவில்லை, சோற்றில் உப்புப் போட்டோமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மனசு மரத்துப்போயிற்று. சாயங்காலமானால் கொல்லைக்குப் போய் எஞ்சின் பக்கவாட்டிலுள்ள பொத்தானை அமுக்குவாள். எஞ்சினைத் தூக்கி இறக்கும் சின்ன மோட்டார், டிரிம் மோட்டார் என்பார்கள், 'ஙொய்ங்' என்று முனகும். மகன் கரையேறும்போது கேட்ட சத்தம். அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதற்காகப் பாட்டரியை மட்டும் மறக்காமல் கடைக்குச் சுமந்துபோய் சார்ஜ் ஏற்றிவருவாள்.

பக்கத்து வீட்டுச் சிலுவையிடமும் அதே எஞ்சின். அவருடைய டிரிம் மோட்டாரை உப்புத் தின்றுவிட்டது. மெக்கானிக் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். "இனி இதுல துருவத் தவிர ஒண்ணும் இல்ல. புதுசு போடு" என்றார். அந்தப் பழைய மாடலுக்குப் புதுசுக்கு எங்கே போவது? கரையேறும் இடமெல்லாம் பாறை, எஞ்சினைத் தூக்காவிட்டால் விசிறி உடையும். அலைக்கு நடுவே சிலுவையும் கூட்டாளியும் எஞ்சினைக் கையால் தூக்கினார்கள். ஒருநாள் படகு கவிழப் பார்த்தது. கரையில் நின்ற மெட்டில்டாவின் கணவர் கஸ்பார் அதைக் கண்ணால் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெட்டில்டா பூசைக்குப் போன நேரத்தில், கஸ்பார் மகனுடைய மோட்டாரைக் கழற்றிச் சிலுவையிடம் கொடுத்தார்.

"மைனிக்குத் தெரியுமாண்ணே?"

"தெரிய வேண்டாம். நீ மாட்டு."

சிலுவையின் துருப்பிடித்த மோட்டாருக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, மகன் எஞ்சினில் பொருத்திவைத்தார் கஸ்பார்.

அன்று சாயங்காலம் மெட்டில்டா பொத்தானை அமுக்கினாள். 'டிக்' என்றது, அவ்வளவுதான். குனிந்து அடியில் பார்த்தாள். "சார்ஜ் இல்ல போல" என்று கணவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"சார்ஜ் நெறய இருக்கே அக்கா" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும். போடு."

அடுத்த நாளும் சுமந்தாள். தெருவில் அதைப் பார்த்த சிலுவைக்கு மனசு கேட்கவில்லை. மோட்டாரைக் கழற்றிவந்து, கஸ்பாரும் இருக்கும்போதே அவள் முன்னால் வைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"மன்னிச்சிருங்க மைனி. இது உங்க மகனோடது. நாங்க கையாலயே தூக்கிக்கிடுதோம்."

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். மெட்டில்டா மோட்டாரையே பார்த்தாள்.

"உங்கிட்ட இத யாரு கேட்டா?" என்றாள்.

இப்போது சொல்லுங்கள். உயிரைக் காக்க ஒளித்து எடுத்த கஸ்பாரா, உண்மையைச் சொல்லித் திருப்பித் தந்த சிலுவையா, பாட்டரி சுமந்த மெட்டில்டாவா? இதில் யார் செய்தது சரி?

சிலுவைதான் சரி என்பவர்களே அதிகம். அட போங்கய்யா! சார்ஜ் உள்ள பாட்டரியை ஒருத்தி எதற்குச் சுமப்பாள்? முதல் சாயங்காலமே பெயிண்டுக்கு அடியில் துருவைப் பார்த்துவிட்டாள். யார் வீட்டுத் துரு என்பதும் தெரிந்துவிட்டது. தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் இந்த ஆண்கள் மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள் என்றுதான் ஏமாந்தவள் மாதிரி நடமாடினாள். யாரும் கேட்காமலே கொடுத்தவள் அவள். அவள் செய்ததுதான் சரி. சிலுவையின் நேர்மையால் வந்த வினை, "எடுத்துட்டுப் போ, மாட்டு" என்று அவள் தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. பெற்றவளை ஒரே பொருளை இரண்டு தடவை கொடுக்க வைப்பது பாவமய்யா.