தவளையும் அம்மாவும் ஒரே சத்தம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது, என் மூத்தவனுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த பாக்கியமேரி டீச்சர். பாடத்தில் அவன் கவனம் நிற்கவில்லையே என்று நான் பேசப் போன அன்று சொன்னார்.

காட்டாற்றின் கரையில் ஒரு யானைக் கூட்டம் நின்றது. மலையில் நல்ல மழை. வெள்ளம் வருவதற்குள் அக்கரை போய்விட வேண்டும். முன்னால் போகிறவரின் வாலைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்குவது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

குட்டியானை மூக்கன் மட்டும் திரும்பத் திரும்ப வாலை விட்டான்.

"வாலைப் பிடிடா!" என்றாள் கூட்டத்தை நடத்தும் பெரியம்மா.

"வழுக்குப் பாறையில கால் வைக்காதே!" என்றாள் பெரிய சித்தி.

"இடது பக்கம் ஆழம்!" என்றாள் சின்னச் சித்தி.

மூக்கன் அப்படியே நின்று ஒரு தவளையைப் பார்த்தான்.

"காது என்னவோ முறம் மாதிரி இருக்கு. ஒரு சொல் ஏறுதா பாருங்க!" என்று சிரித்தாள் சின்னச் சித்தி.

"தண்ணி ஏறுது. இன்னொரு தடவை விட்டான்னா, இவனை விட்டுட்டுத்தான் போகணும்!" என்றாள் பெரியம்மா.

அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற தாய் செவ்வந்தி பயந்துபோனாள். மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு குனிந்து கேட்டாள்:

"ஏன் ராசா, நாங்க சொல்றது கேக்கலையா?"

"கேக்குதும்மா! நீங்க, சித்தி, தவளை, மூங்கில் உரசுறது, எல்லாமே ஒரே சத்தமா கேக்குது. எதைப் பிடிச்சுக்கிறதுன்னுதான் தெரியல!"

செவ்வந்திக்கு ஒரே ஆச்சரியம். "தவளையும் நானும் ஒரே அளவாடா?"

"ஆமாம்மா. தவளை கொஞ்சம் கிட்ட இருக்கு."

அவள் நிமிர்ந்தாள். "அக்கா, யாரும் பேசாதீங்க. நான் இவன் கிட்டயே வர்றேன்!"

வரிசையை விட்டு விலகி அவன் பக்கத்தில் நின்றாள். தும்பிக்கையால் அவன் கழுத்தைத் தொட்டாள். "வால்" என்றாள். பெரியம்மாவின் வாலைப் பிடித்தான். "நட" என்றாள். நடந்தான்.

நடு ஆற்றில் ஒரு மீன் துள்ளியது. மூக்கன் வாலை விட்டுவிட்டான்! சித்திமார் வாயைத் திறந்து, திறந்தபடியே அடக்கிக்கொண்டார்கள். செவ்வந்தி மறுபடி கழுத்தைத் தொட்டாள். "வால்." பிடித்துக்கொண்டான்.

அவர்கள் கரை ஏறவும், பின்னால் வெள்ளம் பாறையை மூடவும் சரியாக இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் பெரியம்மா.

"இவ்வளவுதான் அக்கா. ஆனா, நாளைக்கும் தொட்டுத்தான் சொல்லணும்!"

கவனம் சிதறும் பிள்ளைக்கு, தூரத்திலிருந்து போடும் பல அதட்டலைவிட, கிட்டே வந்து சொல்லும் ஒரு சொல்லே கைகொடுக்கும்.

இன்று ஒரு வேலையை மட்டும், பிள்ளையின் தோளைத் தொட்டுச் சொல்லிப் பாருங்களேன்.