நான்காவது முத்திரை

பூவன்துறை என்ற கடலோர ஊரில் பள்ளி நடத்திவந்தார் அம்பலவாணர். ஒரு பிற்பகலில் அவருடைய பழைய சீடன் செங்கோடன் குதிரையில் வந்து இறங்கினான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. இடுப்பில் அரசர் கொடுத்த புது முத்திரை தொங்கியது.

நலம் விசாரித்த பிறகு தன் தொல்லையைச் சொன்னான்.

சென்ற ஆண்டு எதிரிகள் படகுகளில் வந்து சங்குமுனை என்ற ஊரை எரித்தார்கள். நாற்பது வீடுகள். ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்கள் வரும் நாள், மேட்டிலிருந்து கடலைக் கண்காணிக்கும் காவல்மேட்டாருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை படகுகள் என்பது துறைமுகத்தாருக்குத் தெரிந்திருந்தது. எந்த ஊர் என்பது ஒற்றர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லவில்லை. ஊர் சாம்பலான பிறகு மூவரும் தனித்தனியாக அரசருக்கு ஓலை அனுப்பினார்கள். மூன்றிலும் ஒரே வரி இருந்தது: ‘எங்களுக்கு முன்பே தெரியும்.’

மூன்று துறைகளையும் இணைக்க அரசர் நான்காவதாக ஒரு துறை அமைத்தார். செங்கோடன் அதற்குத் தலைவன்.

“மூன்று தலைவர்களையும் ஒரே பாயில் உட்காரவைக்க முடியவில்லை, ஐயா. யார் நடுவில் உட்காருவது என்பதிலேயே மூன்று மாதம் போய்விட்டது.”

“பாயை வட்டமாக முடையச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். எந்தத் துறை முடைவது என்று கேட்டார்கள்.”

குரு சிரித்தார். செங்கோடன் சிரிக்கவில்லை.

மறுபடியும் படகுகள் வரப்போகின்றன என்றான். இந்த முறை மூவரும் தங்களுக்குத் தெரிந்ததை அவனிடம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேறு யாரிடமும் சொல்வதில்லை என்று அவனிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்கள். மீறினால் இனி ஒரு வரிகூடத் தர மாட்டார்கள். அதனால் மூன்று ஓலைகளையும் ஒன்றாகக் கட்டி, தன் முத்திரையை வைத்துவிட்டான். அவர்கள் மனத்தை மாற்ற வழி கேட்கத்தான் வந்தானாம்.

“அப்படியானால் மூன்றும் உனக்குத் தெரியும்.”

“தெரியும், ஐயா.”

“எந்த ஊர்?”

கீழே மணலில், காயவைத்த வலைகளுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். செங்கோடனின் பார்வை அங்கே போய், சட்டென்று திரும்பியது. அவன் கை ஓலைக்கட்டை மூடியது.

“என்றைக்கு?”

“பொழுது சாய்வதற்குள் நான் கிளம்ப வேண்டும்,” என்றான். “நீங்களும் வந்துவிடுங்கள், ஐயா. குதிரை இரண்டு பேரைத் தாங்கும். காரணம் மட்டும் கேட்காதீர்கள்.”

“பிள்ளைகள் இருபத்துமூன்று பேர்.”

செங்கோடன் ஓலைக்கட்டை இடுப்பில் செருகிக்கொண்டான்.

அம்பலவாணர் எழுந்து குதிரையை அவிழ்த்தார். கடிவாளத்தை அவன் கையில் கொடுத்தார். பிறகு கடற்கரைக்கு இறங்கும் படியில் கால் வைத்தார்.

“நீ போ, செங்கோடா. நான் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். அரசருக்கு ஓலை எழுதும்போது, உனக்கும் முன்பே தெரியும் என்று எழுத மறந்துவிடாதே.”