கவிழ்ந்த படகில் இருவர்

“சார், எனக்கு வேற வேலை போட்டுக் கொடுங்க,” என்றான் டைட்டஸ்.

வஹாப் ஹெலிகாப்டரின் இரும்புக் கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடம் அந்தக் கயிற்றில் தொங்கி, புயல் கடலில் இறங்கி ஆட்களை மீட்டவர். தோள் எலும்பு உடைந்த பிறகு, மேலே இருந்து கயிற்றை இயக்குகிறார். டைட்டஸுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

“என்ன வேலை?”

“தரையில எதுவானாலும் சரி. ஹெலிகாப்டர் கதவைத் திறந்தாலே கீழ பார்க்க முடியல. மூணு வருஷமாச்சு, பயம் கொஞ்சங்கூடக் குறையல.”

வஹாப் கயிற்றின் முனையிலிருந்த கொக்கியை இழுத்துப் பார்த்தார்.

சைரன் ஒலித்தது.

நடுக்கடலில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்திருந்தது. அதன் முதுகில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும்.

பகல் பதினொரு மணி. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம்.

டைட்டஸ் இறங்கினான். தம்பியைப் பிடித்த நொடியில் ஓர் அலை இருவரையும் உள்ளே இழுத்தது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கயிறு இறுகியது. மூச்சு கிடைத்தது.

மேலே ஹெலிகாப்டருக்குள் வந்ததும் டைட்டஸ் உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தான்.

“எங்கண்ணன்!” தம்பி தரையைக் கையால் அடித்தான். “எங்கண்ணன் கீழ இருக்கான்!”

“எரிபொருள் பத்தாது. இன்னும் ஏழு நிமிஷம்தான்,” என்று கத்தினார் விமானி.

டைட்டஸ் கதவருகே போய் நின்றான். கீழே பார்த்தான்.

“கால் நகர மாட்டேங்குது, சார்.”

வஹாப் தன் இடது கையுறையைக் கழற்றினார். கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

விரல்கள் ஐந்தும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“இன்னிக்கு மட்டுமா, சார்?”

“எல்லா நாளும்.”

டைட்டஸ் அந்தக் கையையே பார்த்தான். பிறகு கொக்கியை மாட்டிக்கொண்டான்.

கீழே, அண்ணன் படகின் அடிக்கட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். உதடுகள் நீலம் பூத்திருந்தன. டைட்டஸ் மீட்புப் பட்டையை அவர் அக்குளுக்குக் கீழே செருகி மாட்டினான்.

“கையை விடுங்க!”

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது!”

“போடா! உனக்கென்ன, கயிறு இருக்கு!” கண்களை இறுக மூடிக்கொண்டார்.

விரல்களைப் பிரித்துப் பார்த்தான். முடியவில்லை. அலை வந்து இருவரையும் மூடிவிட்டுப் போனது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் தள்ளாடியது. வஹாப் மூன்று விரல்களைக் காட்டினார். அடுத்து, இரண்டு.

டைட்டஸுக்குப் பற்கள் கிட்டித்தன.

“அண்ணே,” என்றான், அவர் காதோரம். “எனக்கும் பயமா இருக்குண்ணே. ரொம்பப் பயமா இருக்கு.”

அவர் கண்ணைத் திறந்தார். அவன் முகத்தை அப்போதுதான் பார்த்தார்.

“அப்ப என்னைய இறுக்கிப் பிடிச்சுக்க, தம்பி,” என்றார்.

படகை விட்டார்.