கறுப்பு வயரைப் பாடியில் கொடுத்த கதை

வாலாஜா பக்கத்துச் சாத்தமேட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கார் இருந்தது. மூளை எத்தனை என்று கேட்காதீர்கள். இல்லாத சரக்கைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

மூத்தவர் ஏகாம்பரம், வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். அடுத்தவன் முனிரத்தினம், டெய்லர். மூன்றாவது ஏகாம்பரத்தின் அக்கா மகன் தசரதன். இவனுக்குத்தான் கல்யாணம் ஆக வேண்டும். நாற்பதைத் தொட்டுவிட்டான். ஏழு இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. ஏழு இடத்திலும் பஜ்ஜி நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

எட்டாவதாக வந்தது காவேரிப்பாக்கம் சேஷாசலத்தின் மகள் வேதவல்லி. அவள் தசரதனின் போட்டோவைப் பார்த்து, "பாவம், நல்ல மனுசனாத் தெரியுது" என்று சொன்னாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து தசரதன் ஒரே சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கஞ்சி போட்டு அதைப் பலகை மாதிரி ஆக்கி வைத்திருந்தான்.

சேஷாசலம் மட்டும் ஒரு கண்டிஷன் போட்டார்.

"எங்க தெருவுக்கு வர்ற மாப்பிள்ளைங்க காரெல்லாம் பட்டப் பகல்ல முன்னாடி லைட் எரிஞ்சிக்கினு வருது. என் மாப்பிள்ளை கார் மட்டும் கண்ணு தெரியாத மாதிரி வந்து நிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள லைட்டோட வாங்க. இல்லன்னா பாணாவரத்து ஜாதகம் ரெடியா கீது."

சனிக்கிழமையே மூவரும் வேலூருக்குப் போய் ஒரு கார் சாமான் கடையில் ஏறினார்கள்.

"டி.ஆர்.எல். வேணுமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"டீ அப்புறம் குடிச்சிக்கலாம். முதல்ல பகல்ல எரியற லைட்டக் காட்டு," என்றார் ஏகாம்பரம்.

டி.ஆர்.எல். என்பதும் அதுதான். காட்டினார். "ஜோடி ஆயிரத்து இருநூறு. கடைசி விலை."

ஏகாம்பரம் லேசில் மசிகிற ஆளா? "கடைசி விலையெல்லாம் வேற ஆளுங்ககிட்டச் சொல்லு. எங்களுக்கு முதல் விலை சொல்லு."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "முதல் விலை ஆயிரத்து ஐந்நூறு."

"அப்படி வா வழிக்கு," என்று ஏகாம்பரம் பணத்தை நீட்டினார்.

இதைச் சொல்லும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒரு ஸ்க்ரூ வாங்கினால்கூட கடைக்காரன் தலையைச் சொறியும் வரை விடாதவன் நான். போகட்டும், காசு என்னுடையது இல்லை.

கடைக்காரருக்கு மனசு உறுத்தியதோ என்னவோ, மாட்டும் விதத்தைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். "சிவப்பு வயர பேட்டரில குடுங்க. கறுப்பு வயர பாடில குடுங்க. ஜாயின்ட்ல டேப் அடிங்க. ரொம்ப நேரம் எரிய விடாதீங்க, பேட்டரி படுத்துடும். அவ்ளோதான் வேலை."

மூவரும் இதை ஒப்பித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள். ஒரு வார்த்தை பிசகவில்லை. வினையே அதுதான்.

ஞாயிறு காலை பானெட்டைத் திறந்தார்கள். முதலில் பேட்டரி. அது படுத்துவிடக் கூடாது என்று நான்கு பக்கமும் கயிறு கட்டி நிமிர்த்தி நிற்க வைத்தார் ஏகாம்பரம். கட்டிய கட்டுக்கு ஒரு கன்றுக்குட்டிகூட அசைய முடியாது.

அடுத்து டேப். முனிரத்தினம் கழுத்தில் எப்போதும் ஒரு இன்ச் டேப் தொங்கும். அதைக் கழற்றி மடித்து, ஜாயின்டில் ஓங்கி நாலு அடி அடித்தான்.

"போதுமாடா?" என்றார் ஏகாம்பரம்.

"எத்தினி அடின்னு அந்தாளு சொல்லலியே மாமா."

"அப்ப இன்னும் ரெண்டு போடு. குறைஞ்சா தப்பு."

சிவப்பு வயரைப் பேட்டரியில் சரியாகவே கொடுத்தார்கள். எப்படி என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது.

கறுப்பு வயரில் வேலை நின்றது.

"பாடில குடுங்கன்னாரு. யாரு பாடில?" என்றார் ஏகாம்பரம்.

"பாடின்னா உடம்பு மாமா. நான் தினம் அளவு எடுக்கறேன், எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை இவன். இவன் உடம்புலதான் குடுக்கணும்."

தசரதன் வயர் முனையை வலது கையில் பிடித்தான். எரியவில்லை. இடது கையில் பிடித்தான். பல்லில் கடித்துப் பார்த்தான். சட்டைக் கஞ்சிதான் தடுக்கிறது என்று சட்டையைக் கழற்றி வயிற்றில் வைத்தார்கள். கூச்சத்தில் சிரித்தானே தவிர லைட் சிரிக்கவில்லை.

ஏகாம்பரம் நெடுநேரம் வானத்தைப் பார்த்தார். "உசுரு இருந்தா ஆளுன்னுதாண்டா சொல்லுவாங்க. போனப்புறம்தான் பாடி."

தசரதன் இரண்டு அடி பின்னால் போனான். "மாமா, எனக்குக் கல்யாணம் ஆவணும்."

"உன்ன இல்லடா. வடக்குத் தெருவுல ரைஸ்மில் நாதமுனி நேத்து போயிட்டாரு இல்ல?"

சாவு வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்தபடி காரை நிறுத்திவிட்டு, ஏகாம்பரம் தோளில் துண்டோடு உள்ளே போனார். நாதமுனியின் மகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாடிய எப்ப எடுக்கறீங்க தம்பி?"

"மூணு மணி ஆவும் பெரிப்பா."

"நல்லதாப் போச்சு. அதுக்குள்ள ஒரு வயரக் குடுத்துட்டுப் போயிடறோம்."

"எந்த வயரு?"

"கறுப்பு வயரு. துக்கத்துக்கு ஏத்த கலரு."

அடுத்த நிமிஷம் வாடகை நாற்காலிகள் பறந்து வந்தன. எனக்கு அந்த மகன் மேல் வருத்தம் இல்லை. நானாக இருந்தால் பந்தல் காலையே பிடுங்கியிருப்பேன்.

ஹைவேஸ் வரை காரை விரட்டிக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாப்பில் மூச்சு வாங்க நின்றார்கள். தசரதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "பொழுது சாஞ்சா பாணாவரத்தான் ஜெயிச்சிடுவான் மாமா. எனக்கு இனிமே பஜ்ஜிகூடக் கிடையாது."

அப்போது ஒரு சென்னை பஸ் வந்து நின்றது. முனிரத்தினம் அதன் கண்ணாடியில் இருந்த போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தான். "வழி... பாடி."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஊருடா," என்றார் ஏகாம்பரம். "பாடி, மெட்ராஸ்ல ஊருடா. பாடில குடுன்னா அந்த ஊர்ல போய்க் குடுன்னு அர்த்தம். எவ்ளோ தெளிவா சொல்லிக்கீறான் அந்தப் புண்ணியவான்."

பஸ்ஸுக்குப் பின்னாலேயே விட்டார்கள் காரை. வழியில்தான் காவேரிப்பாக்கம். பெண் வீட்டுத் தெருமுனையைத் தாண்டும்போது, லைட் இல்லாத காரை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். காரை ஓட்டியவரும் சேர்த்துத்தான்.

பாடி மேம்பாலத்துக்குக் கீழே கார் நின்றது. டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே வந்தார்.

"சார், நீங்க பாடியா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"ஆமா, பாடிதான். இங்க வண்டிய நிறுத்தக் கூடாது. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சார். குடுக்கத்தான் வந்தோம்." பானெட்டைத் திறந்து, கறுப்பு வயரை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

போலீஸ்காரர் வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் பார்த்தார். "பட்டப் பகல்லயே தண்ணியா," என்று சொல்லி, வயரை பானெட்டுக்குள்ளேயே வீசிவிட்டு, காரை ஓரம் கட்டச் சொல்லிப் போய்விட்டார். வீசிய வயரின் முனை, காரின் இரும்புப் பாடியில் இருந்த ஒரு போல்ட்டில் போய் மாட்டியது.

லைட் இரண்டும் பளீரென்று எரிந்தன.

தசரதன் அழுதேவிட்டான். "கிளம்புங்க மாமா, இன்னும் பொழுது கீது. நேரா காவேரிப்பாக்கம் போவலாம்."

"இருடா," என்றார் ஏகாம்பரம். "பாடில குடுத்ததாலதான எரியுது? பாடியத் தாண்டினா?"

"அணைஞ்சிடும்," என்றான் முனிரத்தினம்.

இதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை. காரை ஓரம் கட்டிவிட்டு, பெண் வீட்டாரை அங்கேயே வரவழைப்பது என்று முடிவாயிற்று. ஏகாம்பரம் போன் போட்டார். பக்கத்தில் ஒரு லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"சம்பந்தி, எங்களால அங்க வர முடியல. தசரதன் பாடில கீறான். நீங்கதான் வரணும்."

காவேரிப்பாக்கத்தில் கேட்டது இது: "தசரதன் பாடி கீது. நீங்கதான் வரணும்."

"ஐயோ, எப்படிங்க?" என்றார் சேஷாசலம்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது. முன்னாடி விளக்கெல்லாம் எரியுது. பாலத்துக்குக் கீழதான் வெச்சிக்கினு கீறோம். சட்டுனு வாங்க, பொழுது சாஞ்சா நல்லா இருக்காது."

சேஷாசலம் போனை வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார். வேதவல்லி ஒரே பிடியாக நின்றாள். "போட்டோவுலதான் பாத்தேன். ஒரு தடவையாவது அந்த முகத்த நேர்ல பாக்கணும்." வேன் பிடித்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கினார்கள். முறை தவறக் கூடாது என்று மேளத்துக்கு நாலு பேரையும் ஏற்றிக்கொண்டார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் வேன் பாடிக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து இறங்கிய மாலையைத்தான் தசரதன் முதலில் பார்த்தான்.

"மாமா, மாலையோட வந்துட்டாங்க. மேளம் வேற."

"பெரிய மனுசங்கடா," என்றார் ஏகாம்பரம்.

சேஷாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் தோளைப் பிடித்தார். "பாடி எங்கங்க?"

"நீங்க நிக்கறதே பாடிதாங்க."

சேஷாசலம் துள்ளி விலகிக் காலுக்குக் கீழே பார்த்தார். அதற்குள் கார் மறைவிலிருந்து, பலகைச் சட்டையில் தசரதன் வெளியே வந்து கும்பிட்டான். வேன்காரன் திரும்ப வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். வேதவல்லி மட்டும் அசரவில்லை. கிட்டே போய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேர்ல இன்னும் நல்லாத்தான் கீறாரு," என்றாள். பிறகு காரைக் காட்டினாள். "அப்பா, லைட்டும் எரியுது பாரு."

சேஷாசலம் பார்த்தார். எரிந்தது. வானத்தையும் பார்த்தார். பொழுது இன்னும் இருந்தது. பூக்காரர் மாலையைத் திரும்ப வாங்க மாட்டார் என்பதும் அவருக்கு ஞாபகம் வந்தது. "போட்டுடும்மா," என்றார். வேதவல்லி போட்டாள். நாற்பது வயசில் தசரதனுக்கு நிச்சயம் ஆயிற்று.

சரியாக இருட்டுகிற நேரத்துக்கு லைட் மங்கி மங்கி அணைந்தது.

"கம்பெனி சாமான்," என்றார் ஏகாம்பரம் சம்பந்தியிடம். "பகல் முடிஞ்சதும் தானா அணைஞ்சிடும்."

காரும் ஸ்டார்ட் ஆகவில்லை.

"முனிரத்தினம், பேட்டரி படுத்துடுச்சா பாரு."

அவன் குனிந்து பார்த்தான். "இல்ல மாமா. நல்லா நிமிந்துதான் நிக்குது."

"அப்ப பேட்டரியில ஒண்ணும் கோளாறு இல்ல. ஊரு வரைக்கும் தள்ளிடலாம்."

வேன்காரன் யாரையும் ஏற்ற மறுத்துவிட்டதால் எல்லோரும் தள்ளினார்கள். சட்டை மடங்காததால் தசரதனை முன் சீட்டில் நீட்டிப் படுக்க வைத்து மாலையைச் சரி செய்தார்கள். களைப்பில் அவனும் கண்ணை மூடிக்கொண்டான். காசு வாங்கிய மேளக்காரர்கள், தங்களுக்குத் தெரிந்த அடியையே அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். ஆனந்தக் கண்ணீரோடு பெண் வீட்டார் பின்னால் வந்தார்கள்.

சிக்னல் பக்கத்து டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றார். ஏகாம்பரத்திடம் மெதுவாகக் கேட்டார்.

"பாடி யாருங்க?"

"யாரும் பாடி இல்லீங்க," என்றார் ஏகாம்பரம், தள்ளுவதை நிறுத்தாமல். "எல்லாரும் வாலாஜா பக்கம்."